தொற்று எங்கே இருக்கிறது: அணு மருத்துவ ஸ்கேனைத் தேர்ந்தெடுப்பதும் எடுப்பதும் படிப்பதும்

அணு மருத்துவ ஸ்கேன் என்பது சிறிதளவு கதிரியக்க மருந்தைச் செலுத்தி, அது உடம்பில் எங்கே சேர்கிறது என்று கேமராவில் பார்ப்பது. இப்படிப்பட்ட ஸ்கேன் எதுவும் கிருமியைப் படம் பிடிப்பதில்லை. கிருமி புகுந்த இடத்தில் உடம்பு என்ன செய்கிறது என்பதைத்தான் அது காட்டுகிறது. அங்கே ரத்த ஓட்டம் கூடும், எலும்பு தன்னைப் புதுப்பிக்க முயலும், வெள்ளை அணுக்கள் திரளும், அந்த அணுக்கள் சர்க்கரையை நிறைய இழுத்துக்கொள்ளும். இந்த நான்கும் தொற்றே இல்லாத இடத்திலும் நடக்கும். எலும்பு முறிந்தாலும், அறுவை சிகிச்சைப் புண் ஆறும்போதும், மூட்டுவாதம் இருந்தாலும் ஸ்கேனில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். அதனால் பளிச்சென்று தெரிகிற இடமெல்லாம் சீழ் என்று முடிவு கட்டக் கூடாது. எந்தக் கேள்விக்கு எந்த ஸ்கேன், முதல் படத்துக்குப் பிறகு அடுத்த படம் எப்போது, திசு மாதிரி எங்கிருந்து எடுப்பது என்ற மூன்றையும் முன்கூட்டியே யோசித்து வைத்தால்தான் ஸ்கேன் பதில் சொல்லும்.

இந்தக் குறிப்பு ஸ்கேன் எழுதிக் கொடுக்கும் இளம் மருத்துவர்களுக்கும் அதை எடுக்கும் டெக்னாலஜிஸ்டுகளுக்கும் எழுதப்பட்டது. உணவு, மருந்து பற்றிய பகுதிகள் நோயாளிக்கும் கூட இருப்பவர்களுக்கும் உதவும். மருந்தளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு தீர்மானிக்க வேண்டும்.

ரிக்வெஸ்ட் ஃபார்மில் எழுத வேண்டியவை

"தொற்று இருக்கிறதா?" என்று ஒரே வரி எழுதி அனுப்பும் ஃபார்ம் எங்களுக்குப் பயன்படுவதில்லை. எந்த இடம், எத்தனை நாளாக வலி அல்லது காய்ச்சல், அங்கே முன்பு அறுவை சிகிச்சையோ எலும்பு முறிவோ நடந்ததா, நடந்திருந்தால் எந்த மாதம், உள்ளே பிளேட், ஸ்க்ரூ, செயற்கை மூட்டு ஏதாவது இருக்கிறதா என்பதெல்லாம் வேண்டும். சர்க்கரை நோய் உண்டா, என்ன மாத்திரை, இன்சுலின் எப்போது போடுகிறார், ஆன்டிபயாடிக் என்று தொடங்கியது, ஸ்டீராய்டு எடுக்கிறாரா என்பதும் வேண்டும். சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். (இரண்டும் அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகள்), மொத்த வெள்ளை அணு எண்ணிக்கை, கிரியாட்டினின் ஆகியவற்றின் கடைசி அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. படங்களை நோயாளி கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். இரண்டு மாதத்துக்கு முன் வைத்த மூட்டும் ஐந்து வருடத்துக்கு முன் வைத்த மூட்டும் ஸ்கேனில் ஒரே மாதிரி தெரியலாம். ஆனால் இரண்டுக்கும் எழுத வேண்டிய ரிப்போர்ட் வேறு வேறு.

எதற்கு எது

முன்பு அறுவை சிகிச்சையோ முறிவோ இல்லாத எலும்பில் புதிதாக வலியும் காய்ச்சலும் வந்து, எம்.ஆர்.ஐ. எடுக்க வழியில்லை என்றால் மூன்று கட்ட போன் ஸ்கேன் போதும். பிளேட்டோ செயற்கை மூட்டோ உள்ள இடத்துக்கும், சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் வெள்ளை அணு ஸ்கேன் (நோயாளியின் வெள்ளை அணுக்களைக் கதிரியக்க மருந்தால் குறியிட்டுத் திரும்பச் செலுத்தி எடுப்பது) வேண்டும். முதுகெலும்பு என்றால் முதலில் எம்.ஆர்.ஐ.; அது தெளிவாக இல்லாவிட்டால், அல்லது உலோகம் இருப்பதால் எடுக்க முடியாவிட்டால், எஃப்.டி.ஜி. பெட்-சிடி (கதிரியக்கச் சர்க்கரையைச் செலுத்தி எடுக்கும் படம்). காரணம் தெரியாத நீண்ட நாள் காய்ச்சலுக்கும், செயற்கை இதய வால்வுக்கும், பேஸ்மேக்கர் பைக்கும், ரத்தக்குழாய் கிராஃப்ட்டுக்கும் எஃப்.டி.ஜி.யே பொருத்தம்.

முதுகெலும்புக்கு வெள்ளை அணு ஸ்கேன் எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. முள்ளெலும்பில் தொற்று இருக்கும்போது, குறியிட்ட வெள்ளை அணுக்கள் பல நேரம் அங்கே போய்ச் சேர்வதே இல்லை. அந்த எலும்பு பக்கத்து எலும்புகளைவிட மங்கலாகத் தெரியும். பழைய அழுத்த முறிவும் புற்றுநோயும் கதிர்வீச்சு சிகிச்சையும் இதே மங்கலைத் தரும். நோயாளியின் ரத்தத்தை எடுத்து ஒரு நாள் முழுக்க உழைத்தபின் இப்படி ஒரு படம் கிடைத்தால் யாருக்கும் பயனில்லை.

கேலியம்-67 ஸ்கேன் பழையது, இன்று அதற்குத் தேவை குறைவு. அரைவாழ்வு (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 78 மணி நேரம், படம் எடுக்க 24 முதல் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், குடலில் மருந்து தேங்கி வயிற்றுப் படத்தைக் குழப்பும். பெட் கிடைக்காத ஊரில் முதுகெலும்புத் தொற்றுக்கு இது இன்னும் கைகொடுக்கும் என்பதற்கு மேல் சொல்ல எதுவுமில்லை.

மூன்று கட்ட போன் ஸ்கேன்

மருந்து டெக்னீசியம்-99எம் எம்.டி.பி. (எலும்பில் போய்ச் சேரும் கதிரியக்க மருந்து), வழக்கமான கதிரியக்க அளவு 740 மெகாபெக்கரல், அதாவது 20 மில்லிகியூரி. டெக்னீசியத்தின் அரைவாழ்வு 6 மணி நேரம், காமா ஆற்றல் 140 கே.இ.வி. கேமராவுக்குக் குறை ஆற்றல் உயர் பிரிதிறன் கொலிமேட்டர் (நேராக வரும் கதிர்களை மட்டும் விடும் துளைத் தகடு), 15 முதல் 20 சதவீத ஆற்றல் ஜன்னல் (கேமரா ஏற்கும் ஆற்றல் வரம்பு).

சந்தேகப்படும் இடத்தைக் கேமராவின் கீழ் வைத்த பிறகுதான் ஊசி. பாதம் என்றால் நோயாளியை உட்கார வைத்து, இரண்டு உள்ளங்காலும் டிடெக்டரின் முகத்தில் ஒட்டியபடி அமர்த்துங்கள். ஒரு காலுக்கு மட்டும் படம் எடுத்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. ஊசியைக் கையில் போடுங்கள். கை மணிக்கட்டுதான் சந்தேகத்துக்குரிய இடம் என்றால் அடுத்த கையில். வென்ஃப்ளான் (நரம்பில் விடும் ஊசிக்குழாய்) போட்டபின் டூர்னிக்கேயை (கையில் இறுக்கிய பட்டையை) அவிழ்த்துவிட்டு ஒரு நிமிடமாவது பொறுத்து மருந்தைச் செலுத்துங்கள். கட்டி அவிழ்த்த கையில் ரத்தம் திடீரெனப் பாயும், முதல் கட்டப் படத்தில் அந்தக் கை முழுவதும் பொய்யாகப் பிரகாசிக்கும்.

முதல் கட்டம், ஊசி போட்ட அதே நொடியிலிருந்து 60 நொடிகள், 2 நொடிக்கு ஒரு ஃபிரேம். இரண்டாம் கட்டம், 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய ரத்தத் தேக்கப் படம். தாமதித்தால் எம்.டி.பி. எலும்பில் ஏறத் தொடங்கிவிடும், மென்திசுவையும் எலும்பையும் பிரிக்க முடியாது. மூன்றாம் கட்டம் 2 முதல் 4 மணி நேரம் கழித்து. இடையில் அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இதயம் பலவீனமானவர், டயாலிசிஸ் செய்பவர் என்றால் அவருடைய மருத்துவர் சொன்ன அளவு மட்டும். படம் எடுக்கும் முன் சிறுநீர் கழிக்க வேண்டும். கால் வீங்கியவர்களுக்கும் சிறுநீரகம் குறைவாக வேலை செய்பவர்களுக்கும் மென்திசுவில் மருந்து நீண்ட நேரம் தங்கும். அவர்களுக்கு 24 மணி நேரத்தில் நான்காவது படம் எடுத்தால் எலும்பு தெளிவாகப் பிரிந்து தெரியும்.

மூன்று கட்டத்திலும் ஒரே இடம் குவிந்து பிரகாசித்தால் எலும்புத் தொற்று. முதல் இரண்டில் பிரகாசித்து மூன்றாவதில் பரவலாக மங்கினால் தோலும் தசையும் மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரிய 10 முதல் 14 நாள் ஆகும். போன் ஸ்கேன் ஓரிரு நாளிலேயே காட்டிவிடும். முன்பு எதுவும் நடக்காத எலும்பில் இந்த ஸ்கேனை நம்பலாம். முறிவோ அறுவை சிகிச்சையோ நடந்த எலும்பில் நம்ப முடியாது. அங்கே "இல்லை" என்று வந்தால் அதற்கு மதிப்புண்டு; "உண்டு" என்று வந்தால் பொருளில்லை. இடுப்பு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடமாவது, முழங்கால் என்றால் அதைவிட நீண்ட காலம், நல்ல மூட்டே பிரகாசித்துக்கொண்டிருக்கும்.

எதிர்பாராத இரண்டு இடங்களில் இந்த ஸ்கேன் ஏமாற்றும். காலுக்கு ரத்த ஓட்டமே குறைந்த சர்க்கரை நோயாளியிடம் மருந்து போய்ச் சேராமல் தொற்று மறைந்துபோகும். பச்சிளம் குழந்தைகளில், சீழின் அழுத்தத்தால் எலும்புக்குள் ரத்தம் நுழைய முடியாமல் தொற்றுள்ள இடம் பிரகாசிக்காமல் கறுத்துத் தெரியும். கறுத்த இடத்தைச் சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள்.

வெள்ளை அணு ஸ்கேன்

நோயாளியின் சொந்த வெள்ளை அணுக்களை வெளியே எடுத்து, டெக்னீசியம் எச்.எம்.பி.ஏ.ஓ. கொண்டு குறியிட்டு, திரும்பச் செலுத்தி, அவை எங்கே போய்த் திரள்கின்றன என்று பார்ப்பது இந்த ஸ்கேன். ஆய்வகத்தில் இரண்டு மணி நேர வேலை. எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தீர்மானமாகிறது.

எண்ணிக்கை முதலில். வெள்ளை அணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 2000க்குக் கீழே இருந்தால் போதுமான அணுக்கள் கிடைக்காது, தொடங்க வேண்டாம். 60 மி.லி. சிரிஞ்சில் 9 மி.லி. ஏ.சி.டி. கரைசலை (ரத்தம் உறையாமல் தடுப்பது) முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அகலமான ஊசியால் சுமார் 50 மி.லி. ரத்தம் மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் நுரைக்கும், அணுக்கள் சேதமாகும். அதில் 15 மி.லி.யைத் தனியாக வைத்து 2000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றினால் அணுக்களற்ற பிளாஸ்மா கிடைக்கும். அது பின்னால் வேண்டும்.

மீதி ரத்தத்தில் ஹைட்ராக்சி எத்தில் ஸ்டார்ச் கலந்து, டியூபை நிமிர்த்தி வைத்து 45 முதல் 60 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். சிவப்பணுக்கள் கீழே இறங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் கலங்கலான திரவம் பிரியும். அந்தக் கலங்கல்தான் வெள்ளை அணு. அதை மட்டும் மேலிருந்து மெதுவாக உறிஞ்சுங்கள், சிவப்புக் கோட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கிடைக்குமே என்று இறங்கினால் சிவப்பணுக்களும் சேர்ந்து வரும், அவையும் குறியிடப்படும், பிறகு படத்தில் ரத்தக்குழாயெல்லாம் தெரியும். எடுத்த திரவத்தை 150 ஜி வேகத்தில் 5 நிமிடம் சுழற்றி, மேலே நிற்பதைக் கொட்டிவிடுங்கள். பிளேட்லெட்டுகள் பெரும்பாலும் அதோடு போய்விடும். அடியில் இருக்கும் அணுத்திரளை ஒரு மி.லி. அணுக்களற்ற பிளாஸ்மாவில் கலக்குங்கள்.

இப்போது அணுக்களைக் குறியிடும் எச்.எம்.பி.ஏ.ஓ. இது பொறுமையில்லாத மருந்து. கலக்கிய சில நிமிடங்களிலேயே அணுவுக்குள் நுழைய முடியாத வடிவமாக மாறத் தொடங்கும். அதனால் அணுக்கள் தயாரான பிறகுதான் குப்பியைக் கலக்க வேண்டும், கலக்கியவுடன் சேர்க்க வேண்டும். ஜெனரேட்டரிலிருந்து (டெக்னீசியம் உருவாகும் கருவியிலிருந்து) எடுத்த டெக்னீசியம் 2 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும், அந்த ஜெனரேட்டரும் அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ஒருமுறை எல்யூட் செய்யப்பட்டிருக்க வேண்டும், அதாவது அதிலிருந்து டெக்னீசியம் கரைசலாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஞாயிறு முழுக்கச் சும்மா இருந்த ஜெனரேட்டரின் திங்கட்கிழமை முதல் எல்யூட்டில், சிதைந்து முடிந்த டெக்னீசியம்-99 நிறையச் சேர்ந்திருக்கும். அது குப்பியில் உள்ள மருந்துக்குப் போட்டியாக வரும். முதல் எல்யூட்டை வேறு வேலைக்கு வைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து எடுக்கும் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். மெத்திலீன் புளூ சேர்த்து நிலைப்படுத்தப்பட்ட கிட் மூளை ஸ்கேனுக்கானது, வெள்ளை அணுவுக்கு ஆகாது.

750 முதல் 1000 மெகாபெக்கரல் சேர்த்து, அறை வெப்பநிலையில் 10 நிமிடம், அவ்வப்போது டியூபைக் கையால் இலேசாகச் சுழற்றியபடி வையுங்கள். குலுக்காதீர்கள். பிறகு பிளாஸ்மா சேர்த்து மறுபடி 150 ஜி, 5 நிமிடம். மேல்திரவத்தைப் பிரித்து இரண்டையும் டோஸ் காலிபிரேட்டரில் (கதிரியக்கத்தை அளக்கும் கருவியில்) அளந்தால், மொத்தத்தில் எவ்வளவு அணுக்களில் ஒட்டியது என்பது தெரியும். 40 முதல் 80 சதவீதம் சரி. 40க்குக் கீழே என்றால் பழைய எல்யூட், குறைவான அணுக்கள், எச்.எம்.பி.ஏ.ஓ.வைக் கலக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

செலுத்தும் முன் டியூபை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். திரவம் சீராகச் சுழன்றால் நல்லது. சின்னச் சின்னத் துணுக்குகள் கண்ணில் பட்டால் அணுக்கள் கட்டிகட்டியாக ஒட்டியிருக்கின்றன. பிரியாவிட்டால் செலுத்தக் கூடாது, அவை நேராக நுரையீரலில் போய் மாட்டும். 20 அல்லது 21 கேஜ் ஊசியில், மெதுவாக, 370 முதல் 740 மெகாபெக்கரல். டெக்ஸ்ட்ரோஸ் ஓடும் டிரிப் லைன் வழியாக வேண்டவே வேண்டாம், அதில் அணுக்கள் ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஸ்கேனில் நடக்கக்கூடிய மிகப் பெரிய விபத்து, ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போவது. ஹெச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் பி-யும் இப்படிப் பரவ முடியும். லாமினார் ஃப்ளோ கேபினெட்டில் (வடிகட்டிய காற்று ஓடும் வேலைப் பெட்டியில்) ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் ரத்தம் மட்டுமே இருக்கலாம். ஒவ்வொரு டியூபிலும் சிரிஞ்சிலும் பெயரும் மருத்துவமனை எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். திரும்பச் செலுத்தும்போது இரண்டு பேர் சேர்ந்து, நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்லவைத்துச் சரிபார்க்க வேண்டும். வேலை நெருக்கடியில் முதலில் விட்டுப்போவது இந்த இரண்டாவது ஆள்தான். விடக் கூடாது.

படங்கள் மூன்று முறை: 30 நிமிடத்தில், 3 முதல் 4 மணி நேரத்தில், 20 முதல் 24 மணி நேரத்தில். நேரம் ஆக ஆக டெக்னீசியம் சிதைவதால், பின்னால் எடுக்கும் படத்துக்கு அதற்கேற்ப அதிக நேரம் கொடுக்க வேண்டும். முதல் படம் 100 நொடி என்றால், அதற்கு 3 மணி நேரம் கழித்து எடுப்பது 141 நொடி, 20 மணி நேரம் கழித்து எடுப்பது சுமார் 1008 நொடி. ஏறக்குறைய 17 நிமிடம் நோயாளி அசையாமல் படுக்க வேண்டும். வலி மாத்திரையை முன்பே கொடுத்துவிடுங்கள். இப்படி நேரத்தைச் சரிக்கட்டி எடுத்து, மூன்று படத்தையும் ஒரே பிரகாச அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்கு அழகாகத் தெரியும்படி தனித்தனியே திருத்தினால் ஒப்பீடே செத்துவிடும்.

4 மணி நேரப் படத்தைவிட 24 மணி நேரப் படத்தில் அந்த இடம் இன்னும் பிரகாசமாகவோ பெரிதாகவோ ஆனால் அது தொற்று. அப்படியே இருந்தாலோ குறைந்தாலோ தொற்றில்லாத அழற்சி என்று கொள்ளலாம். அணுக்கள் தொற்றுள்ள இடத்துக்கு வந்து அங்கேயே தங்குகின்றன; வெறும் அழற்சியில் வந்துவிட்டுத் திரும்புகின்றன. இதனால்தான் நோயாளி மறுநாள் வர மறுத்தால் ஸ்கேன் பாதியில் நின்றுபோகிறது. வெளியூரிலிருந்து வருபவரிடம் இரண்டு நாள் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படத்திலேயே தரச் சோதனையும் இருக்கிறது. 30 நிமிடத்தில் நுரையீரல் தெரிவது இயல்பு. 4 மணி நேரத்திலும் அது பளிச்சென்று இருந்தால் அணுக்கள் தயாரிப்பில் சேதமடைந்திருக்கின்றன. ஆரம்பத்திலேயே மண்ணீரலைவிடக் கல்லீரல் பிரகாசமாக இருந்தாலும் அதே சந்தேகம். குடலில் 3, 4 மணி நேரத்துக்குப் பிறகு தெரிவது பித்தநீர் வழியாக வெளியேறும் மருந்து. அதைக் குடல் அழற்சி என்று எழுதிவிடாதீர்கள். குடலே கேள்வி என்றால் ஊசி போட்டு 1 மணி நேரத்துக்கும் 3 மணி நேரத்துக்கும் இடையில் பார்த்து முடித்துவிட வேண்டும்.

செயற்கை மூட்டைச் சுற்றி எலும்பு மஜ்ஜை இடம் மாறிக் கிடக்கலாம். நல்ல மஜ்ஜையும் வெள்ளை அணுவை வாங்கிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று நாள் கழித்து டெக்னீசியம் சல்ஃபர் கொலாய்ட் கொடுத்து மஜ்ஜைப் படம் எடுங்கள். இரண்டிலும் ஒரே வடிவம் என்றால் மஜ்ஜைதான். வெள்ளை அணு தெரிந்து கொலாய்ட் தெரியாத இடம் தொற்று. சர்க்கரை நோயாளியின் சார்கோ பாதத்திலும் (நரம்பு பாதிப்பால் எலும்பும் மூட்டும் சிதைந்த பாதம்) இதே குழப்பம் வரும், இதே வழியில் தீரும். பாதத்துக்கு ஸ்பெக்ட்-சிடி (முப்பரிமாண அணு மருத்துவப் படத்தையும் சிடியையும் சேர்த்து எடுப்பது) எடுக்காமல் ரிப்போர்ட் எழுத வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. விரல் எலும்புக்கும் அதன்மேல் உள்ள புண்ணுக்கும் சில மில்லிமீட்டர்தான் தூரம். விரலை எடுப்பதா விடுவதா என்ற முடிவு அந்தத் தூரத்தில் நிற்கிறது.

எஃப்.டி.ஜி. பெட்-சிடி

ஃபுளோரின்-18 குறியிட்ட சர்க்கரை. அரைவாழ்வு 110 நிமிடம். எடைக்கு ஒரு கிலோவுக்கு 2.5 முதல் 5 மெகாபெக்கரல், 60 நிமிடம் ஓய்வு, பிறகு படம். எடுப்பது எளிது, கெட்டுப்போவதெல்லாம் முந்தைய நாளில்.

தொற்றுக்கான சாதாரண ஸ்கேனுக்கு 4 முதல் 6 மணி நேரம் பட்டினி. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். காபி, டீ, இளநீர், இருமல் சிரப், சூயிங்கம், இனிப்புப் பாக்கு எதுவும் கூடாது. வார்டில் படுத்திருப்பவர் என்றால் டிரிப் பாட்டிலைப் போய்ப் பாருங்கள். ஆன்டிபயாடிக்கை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஓட்டுவது வழக்கம். நோயாளி ஒரு வாய்கூடச் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை போய்க்கொண்டிருக்கும், படத்தில் தசையெல்லாம் தெரியும். மருந்து அனுமதித்தால் முந்தைய இரவிலிருந்தே நார்மல் சலைனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ரத்தச் சர்க்கரை 200 மில்லிகிராமுக்குக் கீழே இருப்பது நல்லது. கூடுதலாக இருந்தால் ரெகுலர் இன்சுலின் தோலடியில் போட்டு 4 மணி நேரம் காத்திருந்துதான் எஃப்.டி.ஜி. கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கொடுத்தால் இன்சுலின் அதைத் தசைக்குள் தள்ளிவிடும். ஆனால் கடும் தொற்றில் சர்க்கரை இறங்காமல் அடம்பிடிக்கும் நோயாளிகள் உண்டு. அவர்களுக்கு ஸ்கேனையே மறுக்க வேண்டியதில்லை, ரிப்போர்ட்டில் அந்த அளவைக் குறித்துவிட்டு எடுக்கலாம். மெட்ஃபார்மின் குடலை முழுவதும் பிரகாசிக்க வைக்கும். வயிற்றில்தான் தேடுகிறோம் என்றால், சர்க்கரை மருத்துவரைக் கேட்டு 48 மணி நேரம் முன்பு நிறுத்தலாம்.

இதயம் என்றால் தயாரிப்பு முற்றிலும் வேறு. இதயத் தசை சர்க்கரையை விரும்பிச் சாப்பிடும். அது கொழுப்புக்கு மாறினால்தான் வால்வில் உள்ள சின்னப் புள்ளி தெரியும். ஸ்கேனுக்கு முந்தைய நாள் இரண்டு வேளையாவது மாவுச்சத்து துளியும் இல்லாத, கொழுப்பு மிகுந்த சாப்பாடு, அதன்பின் 12 மணி நேரத்துக்குக் குறையாத பட்டினி. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, பருப்பு, கிழங்கு, பழம், பால், தயிர் அத்தனையும் விலக்கு. முட்டை, மாவு தடவாமல் எண்ணெயில் வறுத்த மீன், கோழி, ஆட்டுக்கறி, நெய், வெண்ணெய் சாப்பிடலாம். குழம்பில் தேங்காயும் வெங்காயமும் தக்காளியும் வேண்டாம். சைவ உணவுக்காரர்களுக்கு இந்தப் பட்டியல் மிகவும் சுருங்கிவிடும். அவர்களுக்கு 18 மணி நேரப் பட்டினியே நடைமுறைக்கு ஒத்துவரும். சர்க்கரை நோயாளி என்றால் அதை மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். "சாப்பிடாமல் வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் இதயம் முழுவதும் எரிகிற மாதிரி படம் வரும், ஒரு டோஸ் வீண். ஸ்கேன் நாளில் அவர் கடைசி இரண்டு வேளை என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள். ரிப்போர்ட் எழுதுபவருக்கு அது வேண்டும்.

மருந்து போட்ட ஒரு மணி நேரம் வெதுவெதுப்பான அறையில், பேசாமல், மெல்லாமல், படுத்திருக்க வேண்டும். பேசினால் குரல்வளை தெரியும், மென்றால் தாடை தெரியும், குளிரெடுத்தால் கழுத்தில் உள்ள பழுப்புக் கொழுப்பு தெரியும். தொற்றைத் தேடும்போது இந்த மூன்று இடங்களும் முக்கியமானவை.

செயற்கை வால்வில் எஃப்.டி.ஜி. ஏறியிருந்தால், வால்வு வைத்து 3 மாதம் ஆகியிருக்கும்பட்சத்தில், 2023 டியூக் விதிகளில் (இதய உட்புறத் தொற்றைக் கண்டறியும் விதிகள்) அது முதன்மை அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. 3 மாதத்துக்குள் என்றால் துணை அடையாளம் மட்டுமே. அறுவை சிகிச்சையில் பயன்படுத்தும் பசை பல மாதம் கழித்தும் பிரகாசிக்கும் என்பதால் ஆபரேஷன் குறிப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள். சொந்த வால்வில் ஸ்கேன் எதுவும் காட்டாவிட்டால் தொற்று இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மண்ணீரல், முதுகெலும்பு, நுரையீரல் என்று சிதறிய சீழ்க்கட்டிகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. மூளைக்கு மட்டும் எம்.ஆர்.ஐ.தான், மூளையே சர்க்கரையில் ஓடுவதால் அங்கே எஃப்.டி.ஜி. எதையும் பிரித்துக் காட்டாது.

உலோகம் உள்ள இடத்தில் சிடி கணக்கு தப்பும், உலோகத்தின் ஓரம் பொய்யாகப் பிரகாசிக்கும். அட்டெனுவேஷன் திருத்தம் (உடம்புக்குள் குறையும் கதிரைச் சிடி கொண்டு ஈடுகட்டுவது) செய்யாத படத்தையும் திறந்து பாருங்கள். அதிலும் தெரிந்தால் மட்டும் நம்புங்கள். செயற்கை இடுப்பில் தலைப்பகுதியையும் கழுத்தையும் சுற்றித் தெரிவது பல வருடம் நீடிக்கும் இயல்பான எதிர்வினை. எலும்பும் உலோகமும் சேரும் கோட்டில் நீளமாக ஓடினால்தான் கவலை. எஸ்.யு.வி. எண்ணை (ஓர் இடத்தில் எஃப்.டி.ஜி. எவ்வளவு ஏறியது என்ற அளவை) வைத்துத் தொற்றா புற்றா என்று தீர்மானிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அப்படி எந்த எல்லைக் கோடும் இல்லை.

நம் நாட்டில் இதைக் காசநோயை நினைக்காமல் படிக்கவே முடியாது. நுரையீரலில் ஒரு கட்டி, கழுத்திலும் மார்பிலும் நிணக்கணுக்கள், முதுகெலும்பில் ஒன்றிரண்டு இடம் - புற்றுநோய் பரவியதும் காசநோயும் இதே படத்தைத் தரும். முதுகெலும்புக் காசநோய் ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள பல முள்ளெலும்புகளில் ஒரே நேரத்தில் இருக்கலாம். முழு உடம்புப் படத்தில் அது வெளியே வருவது பெரிய உதவி. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரி "பயாப்ஸி எடுக்க எளிதான, அதிகம் ஏறியுள்ள இடம் இது" என்று ஓர் இடத்தைக் குறிப்பிட வேண்டும். மாதிரியில் பாதி ஃபார்மலினில் போகட்டும், மீதி நார்மல் சலைனில் கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) சிபிநாட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) போக வேண்டும். மொத்தத்தையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி வளராது, எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமலே சிகிச்சை தொடங்க வேண்டியதாகிவிடும்.

38.3 டிகிரிக்கு மேல் மூன்று வாரம் தாண்டிய காய்ச்சலுக்கு, சி.ஆர்.பி. கூடியிருக்கும்போதே எடுங்கள். ஸ்டீராய்டு தொடங்கும் முன்பு எடுப்பது மிக நல்லது. பெருந்தமனி அழற்சி சந்தேகத்தில் ஸ்டீராய்டை நிறுத்திவைக்க முடியாதென்றால், தொடங்கிய 3 நாளுக்குள். ஆன்டிபயாடிக்கை ஸ்கேனுக்காக நிறுத்தச் சொல்லாதீர்கள். நோய் முற்றியவருக்கு அது ஆபத்து. எத்தனை நாள் ஓடியது என்று குறித்தால் போதும்.

எலும்பைத் தாண்டி

பித்தப்பை அழற்சிக்கு டெக்னீசியம் மெப்ரோஃபெனின் (பித்தநீரோடு போகும் மருந்து) ஸ்கேன். 4 மணி நேரப் பட்டினி. ஆனால் 24 மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடந்தவர் என்றால் பித்தப்பை ஏற்கெனவே நிரம்பியிருக்கும், மருந்து உள்ளே போக இடமிருக்காது, பொய்யாக அழற்சி என்று வரும். ஒரு மணி நேரத்தில் பித்தப்பை தெரியாவிட்டால், குடலில் மருந்து இறங்கியிருப்பதை உறுதி செய்துகொண்டு, ஒரு கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் மார்ஃபின் கொடுத்து இன்னும் 30 நிமிடம் பார்க்கலாம், அல்லது 4 மணி நேரம் வரை காத்திருக்கலாம்.

குழந்தையின் சிறுநீரகத் தொற்றுக்கு டி.எம்.எஸ்.ஏ. (சிறுநீரகத் திசுவில் தங்கும் மருந்து) ஸ்கேன், ஊசிக்கு 2 முதல் 4 மணி நேரம் கழித்துப் படம். நிரந்தரத் தழும்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்றால் தொற்று தணிந்து ஆறு மாதம் கழித்து எடுங்கள். முன்பே எடுத்தால் ஆறிக்கொண்டிருக்கும் இடமும் தழும்பு போலத் தெரியும்.

கதிரியக்கமும் ஸ்கேனுக்குப் பிறகும்

நோயாளி வாங்கும் கதிர்வீச்சு போன் ஸ்கேனில் சுமார் 4 மில்லிசீவர்ட், 370 மெகாபெக்கரல் எஃப்.டி.ஜி.யில் சுமார் 7 மில்லிசீவர்ட், அதோடு சிடியின் பங்கு தனி. 185 மெகாபெக்கரல் கேலியத்தில் 18க்கு மேல். மற்ற வழி இருக்கும்போது கேலியத்தைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கருவுற்றிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் பரிசோதனை, பிறகுதான் ஊசி.

பால் கொடுக்கும் தாய்க்கு எஃப்.டி.ஜி.யால் பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தையை மடியில் வைத்திருப்பதைத்தான் சில மணி நேரம் தவிர்க்க வேண்டும். முன்பே கறந்து வைத்த பாலைப் பாட்டியோ அத்தையோ கொடுக்கட்டும். போன் ஸ்கேனுக்குப் பிறகு 4 மணி நேரம் விட்டு, அந்த இடைவெளியில் சுரந்த பாலைக் கறந்து கொட்டிவிட்டுத் தொடரலாம். கேலியம் என்றால் அந்தக் குழந்தைக்கு அந்தத் தாயின் பாலை முழுவதுமாக நிறுத்த வேண்டிவரும். ஊசிக்கு முன் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது கட்டாயம்.

அன்று முழுவதும் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் போதும். ஆண்களும் உட்கார்ந்தே கழிப்பது, இரண்டு முறை ஃப்ளஷ் செய்வது, கையை நன்றாகக் கழுவுவது நல்லது. டயப்பர் கட்டியிருப்பவரைப் பார்த்துக்கொள்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். அடுத்த சில நாளில் விமானப் பயணம் இருந்தால் என்ன மருந்து, எந்தத் தேதி, எவ்வளவு என்று எழுதிய கடிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையக் கருவிகள் எஃப்.டி.ஜி.யை ஒரு நாள் வரையிலும், டெக்னீசியத்தை மூன்று நாள் வரையிலும், கேலியத்தைச் சில வாரங்கள் வரையிலும் கண்டுபிடித்து அலாரம் அடிக்கக் கூடும்.